190 நாளில் சிமெண்ட்டிலிருந்து பனிக்கு: அயுமு ஹிரானோ எப்படி மாறினார்?

கூதிர்க்காற்று

ஜப்பான்காரர் அயுமு ஹிரானோ விஷயத்தில் ஒரு கணக்கு இடிக்குது. 2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஸ்கேட்போர்டு பார்க் பிரிவு (கிண்ணம் மாதிரிக் குழிஞ்ச சிமெண்ட்டுப் பள்ளத்தில் ஓட்டறது): 20 பேரில் 14-ஆவது இடம். 2022 பிப்ரவரி 11, பெய்ஜிங்கில் ஸ்னோபோர்டு ஹாஃப்பைப் (அரைக்குழாய் மாதிரி ரெண்டு பக்கமும் சுவர் வெச்ச பனிப் பள்ளம்): தங்கம். நடுவில் 190 நாள்தான். டோக்கியோ முதலில் சொன்னபடி 2020 கோடையில் நடந்திருந்தா ஒன்றரை வருஷம் கிடைச்சிருக்கும். கொரோனா அதில் ஒரு வருஷத்தைத் தின்னுடுச்சு.

இதைப் பத்தி எழுதறவங்க "ரெண்டும் பலகைதானே, ஒண்ணு வந்தா இன்னொண்ணும் வந்துடும்"ங்கறாங்க, இல்லன்னா "அசாத்தியத் துணிச்சல்"னு சொல்லி நகர்ந்துடறாங்க. எனக்கு ரெண்டும் விடையாத் தெரியலை.

பவுலில், அதாவது அந்தச் சிமெண்ட்டுக் குழியில், ஓட்டுற பழக்கம் பனியில் எதுக்கு உதவுது, எதைக் கெடுக்குது? சீசன் தொடங்கும்போது ட்ரிக்குகளை எந்த வரிசையில் திரும்ப எடுக்கிறாங்க? ட்ரிபிள் கார்க் (காத்தில் சுத்திக்கிட்டே மூணு தடவை தலைகீழாப் போறது) மாதிரி ஒண்ணைப் போடறதுக்கு முன்னாடி மண்டைக்குள்ள என்ன ஓடணும், என்ன ஓடக்கூடாது? பலகை, மெழுகு, சக்கரம்னு சாமான் விவரம் தெரிஞ்சவங்களும் வாங்க. சொந்தக் கதை வேண்டாம், சரக்கு மட்டும் போதும்.

---

நாலுசக்கரம்

உதவுறதை முதல்ல சொல்லிடறேன், அது கொஞ்சம்தான்.

பம்ப் அப்படியே வரும். சுவர் வளையத் தொடங்குற இடத்துக்கு முன்னாடி முட்டியை மடக்கி, வளைவுக்குள்ள போகும்போது காலை நீட்டி அழுத்தறது. ஊஞ்சல்ல நின்னுக்கிட்டு உந்துறோமே, அதே கணக்குதான். சிமெண்ட்டோ பனியோ, அந்த அழுத்தத்தை அரை நொடி முந்திப் போட்டா வேகம் ஏறாது, பிந்திப் போட்டா லிப்பில் (சுவரோட உச்சியில்) உடம்பு வெளிய தள்ளும். அடுத்து, முதுகுப் பக்கமாத் திரும்பி இறங்குற இடம் கண்ணுக்குத் தெரியாமலே காத்திருக்கிற பழக்கம். இதுவும் பவுலில் வளர்றதுதான். முன்னங்கால் எதுங்கறது ரெண்டு விளையாட்டிலும் மாறாது. இவ்வளவுதான் பட்டியல்.

உதவாததில் முதலாவது விளிம்பு. ஸ்னோபோர்டில் காலைக் கட்டிப் போட்டிருக்கு, பலகைக்கு இரும்பு விளிம்பு இருக்கு. சுவர் ஏறும்போது எந்த விளிம்பில் ஏறுறோம், லிப்பை விடும்போது அதை எப்ப விடுறோம்ங்கறதுதான் சுழற்சியோட அச்சையே முடிவு பண்ணுது. ஸ்கேட்போர்டில் விளிம்பே கிடையாது, நாலு சக்கரமும் தரையில் தட்டையா இருக்கணும். அந்தப் பழக்கத்தோட பனிக்குப் போறவர் பலகையைத் தட்டையா விட்டுக்கிட்டு லிப் வரை போவார், அங்கே வழுக்கும்.

ரெண்டாவது நேரம். பள்ளிக்கூடத்து இயற்பியலே போதும். லிப்புக்கு மேல 1.5 மீட்டர் எழும்பினா காத்தில் கிடைக்கிறது சுமார் 1.1 நொடி. 5.5 மீட்டர் எழும்பினா 2.1 நொடி. பவுலில் 540 பாகை (ஒன்றரைச் சுத்து) பெரிய விஷயமாகவும், ஹாஃப்பைப்பில் 1440 (நாலு சுத்து) போட முடியறதாகவும் இருக்கிறதுக்கு அடிப்படை இதுதான். சிக்கல் எங்கேன்னா, ஆறு மாசம் ஒரு நொடிக் காத்துக்குப் பழகின உடம்பு, பனியில் ஒரு நொடி ஆனதும் தரை வந்துட்டதா நினைச்சுக் காலை நீட்டிடும். அப்போ பாதிச் சுழற்சிதான் முடிஞ்சிருக்கும்.

மூணாவதுதான் முக்கியம்: விழறதோட விலை. பார்க்கில் ஒரு ட்ரிக்கை ஒரே நாளில் 50 தடவை முயற்சி பண்ணலாம். சரியா வராதுன்னு காத்தில் தெரிஞ்ச உடனே பலகையை உதறிட்டு, முட்டிக்காப்பில் சறுக்கி இறங்கி, எழுந்து திரும்ப ஏறலாம். நல்ல ஸ்கேட்டர்ங்கறவர் ஒரு வகையில் நல்லா விழத் தெரிஞ்சவர். இந்தப் பாதியில் கைவிடற திறமையை அப்படியே பனிக்குக் கொண்டுபோனா ஆபத்து. பெய்ஜிங் ஹாஃப்பைப்போட சுவர் 7.2 மீட்டர், அதுக்கு மேல 5 மீட்டர்னு வெச்சா அடித்தரையிலிருந்து நாலு மாடி உயரம். அங்கே சந்தேகம் வந்து உடம்பைப் பிரிச்சா சுழற்சி நின்னுடும், பலகையோ காலிலேயே கட்டியிருக்கும். சாய்ந்த சுவரில் இறங்க வேண்டியவர் தட்டையான அடித்தரையில் இறங்குவார். பல பெரிய காயங்கள் சுத்தாம விட்டதால வந்தவை. சுத்தினதால வந்தவை அவ்வளவு இல்லை.

அதனால "துணிச்சலைக் கூட்டிக்கிட்டார்"னு சொல்றது பொருந்தலை. விழறதுக்கு ஒரு விலைப்பட்டியல் தலையில் இருக்கும். அதைத்தான் அந்த 190 நாளில் மாத்தி எழுத வேண்டியிருந்தது.

---

பனிமெழுகு

வணக்கம். நாலுசக்கரம் சொன்ன "விழுறதின்ரை விலை" சரியான சொல்லு. சீசன் அட்டவணையும் அதிலை இருந்துதான் வருது.

ஹாஃப்பைப் ஓடுறவை பனியைத் துரத்திக்கொண்டு திரியிற ஆக்கள். ஆகஸ்ட், செப்டெம்பரிலை நியூசிலாந்து கார்ட்ரோனா. ஒக்டோபரிலை சுவிஸிலை சாஸ்-ஃபே பனியாறு. டிசெம்பரிலை கொலராடோ கொப்பர் மவுண்டன். ஜனவரியிலை சுவிஸ் லாக்ஸ், மாசக் கடைசியிலை அஸ்பென் எக்ஸ் கேம்ஸ் போட்டி. ஆகஸ்ட் 5 வரைக்கும் டோக்கியோவிலை சக்கரத்திலை நிண்ட ஆளுக்கு இதிலை முதல் துண்டு பெரும்பாலும் போச்சு எண்டு வையுங்கோ. அப்படியிருந்தும் டிசெம்பரிலை கொப்பரிலை நடந்த டியூ டூரிலை ட்ரிபிள் கார்க்கை முதல்முறையாப் போட்டியிலை இறக்கினவர். அந்த ஓட்டத்தை முழுசா முடிக்கேல்லை, ஆனால் இறக்கினவர்.

திரும்பப் பனிக்கு வந்தவுடனை எந்த வரிசை எண்டால், முதல் இரண்டு மூண்டு நாள் தலைகீழா ஒண்டுமே இல்லை. நேர் ஏர் (சுத்தாமல் எழும்பி இறங்குறது), மெதட் (முதுகை வளைச்சுப் பலகையைப் பிடிக்கிறது), அலி-ஊப் (சரிவின்ரை மேல்பக்கமாச் சுத்துறது). சுவரிலை எந்த இடத்திலை இறங்குறம் எண்டு மட்டும் பாக்கிறது. லிப்பிலை இருந்து ஒண்டு, ஒண்டரை மீற்றருக்குள்ளை இறங்கினால் வேகம் மிஞ்சும், அதுக்குக் கீழை போனால் அடுத்த சுவருக்கு வேகம் காணாது. பிறகு 540, 720, ரெண்டு பக்கமும். பிறகு 900, 1080. அதுக்குப் பிறகுதான் டபுள் கார்க். ஒரு படியிலை அஞ்சுக்கு நாலு தரமாவது சுத்தமா இறங்காட்டி மேலை போறேல்லை. ஒரு நாளைக்கு ஹாஃப்பைப்பிலை 12, 15 ஓட்டம்தான் உருப்படியா வரும். அதுக்கு மேலை கால் சோரும், சோர்ந்த காலோடை போடுற 16-ஆவது ஓட்டத்திலைதான் முட்டி போறது.

புது ட்ரிக் எண்டால் ஏர்பாக், அதாவது காத்தடைச்ச பெரிய மெத்தை. ட்ராம்போலின், ஏர்பாக், பனி எண்ட ஒழுங்கு. ஏர்பாக்கிலை இருக்கிற கள்ளம் ஒண்டு: அது மன்னிக்கும். 20, 30 பாகை குறைஞ்சு இறங்கினாலும் மெத்தை பிடிச்சுக்கொள்ளும், ஆள் "இறக்கிட்டன்" எண்டு நினைக்கும். பனியிலை அதே 30 பாகை விளிம்பைக் கடிச்சு முகத்தை அடிச்சு விழுத்தும். அதாலை வீடியோவை நிப்பாட்டிப் பலகையின்ரை கோணத்தைப் பாத்துத்தான் எண்ணவேணும். பத்துக்குப் பத்து நேரா வரும் வரைக்கும் பனிக்குக் கொண்டுபோகக்கூடாது எண்டு கறாரான பயிற்சியாளர்மார் சொல்லுவினம். எட்டு வந்தாலே போவினம், அது வேறை கதை.

காலமையிலை சுவர் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும், மத்தியானம் வெயில் பட்ட சுவர் மட்டும் இளகும். ஒரே பைப்பிலை இடது சுவர் ஒரு மாதிரி, வலது சுவர் இன்னொரு மாதிரி. லிப் இளகினால் உதை கிடைக்கேக்கை பலகை உள்ளை புதையும், சுழற்சி பிந்தும். அந்த நேரம் பெரிய ட்ரிக்கை ஒத்திவைக்கிறதுதான் தொழில். வெளிச்சம் மங்கினால் வெள்ளையிலை வெள்ளை தெரியாது, அதுக்குத்தான் லிப்பிலை நீலச் சாயம் அடிக்கிறவை.

இனிச் சாமான். ஹாஃப்பைப் பலகை விறைப்பாயும் கேம்பரோடையும் (நடு மேல்பக்கம் வளைஞ்சு) இருக்கவேணும். விளிம்பு, ரெண்டு பைண்டிங்குக்கும் (பூட்ஸைப் பலகையோடை பிடிக்கிற பூட்டு) இடையிலை நல்ல கூரா. நுனியிலையும் வாலிலையும், தரையைத் தொடுற புள்ளியைத் தாண்டி ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர் மட்டும் கல்லாலை மழுக்கிவிடவேணும். மழுக்காட்டி இறங்கேக்கை கடிக்கும், கூட மழுக்கினால் பனிக்கட்டிச் சுவரிலை பிடி கிடையாது. பைண்டிங் போல்ட் எம்6, அதுக்கு 3-ஆம் நம்பர் பொசிட்ரிவ் ஸ்குருடிரைவர். சாதாரண பிலிப்ஸ் வைச்சு முறுக்கினால் தலை மொட்டையாப் போகும், கையிலை கிடைச்சதைப் பாவிக்காதேங்கோ. முதல் ஓட்டம் முடிஞ்சு ஒருக்கால் திரும்ப இறுக்கவேணும். குளிரிலை பிளாஸ்டிக் சுருங்கித் தளரும்.

மெழுகு: பெய்ஜிங்கிலை பனி கிட்டத்தட்ட முழுக்க இயந்திரப் பனி. அதின்ரை துகள் கூரானது, கடுங்குளிரிலை அடிப்பலகையை அரம் மாதிரி உரசும். மென்மையான மெழுகு நாலைஞ்சு ஓட்டத்திலை போய், விளிம்போரம் அடிப்பலகை வெளிறிக் காய்ஞ்சிடும். அங்கை கடினமான குளிர் மெழுகு. இஸ்திரிச் சூடு 140, 150 டிகிரி செல்சியஸ் கிட்ட, ஆனால் மெழுகு புகைஞ்சால் சூடு கூட எண்டு அர்த்தம். இஸ்திரியை ஒரு இடத்திலை நிப்பாட்டாமல் நகர்த்திக்கொண்டே இருக்கவேணும், இல்லாட்டி பி-டெக்ஸ் (அடிப்பலகைப் பிளாஸ்டிக்) வெந்துபோகும். அரை மணித்தியாலம் ஆறவிட்டுச் சுரண்டி, நைலோன் பிரஷ், பிறகு குதிரைமயிர் பிரஷ். குளிர் மெழுகு முழுசா ஆறினால் சில்லுச் சில்லா உடையும், அதாலை விளிம்பிலை ஒட்டினதை மட்டும் வெதுவெதுப்பா இருக்கேக்கையே எடுத்துவிடுறது நல்லது. கூட மெழுகு விட்டால் வேகம் வரும் எண்டு நினைக்கிற ஆக்கள் கனபேர். மேலை மிஞ்சின மெழுகு ஓட்டத்தை மறிக்கும், வேகம் உள்ளை இறங்கின மெழுகிலைதான்.

---

அரைவட்டம்

நாலுசக்கரம் சொல்வதில் ஒரு இடத்தில் ஒப்பவில்லை. ஸ்கேட்போர்டின் உதவியை ரொம்பக் குறைத்துவிட்டார். அமெரிக்கர் ஷான் ஒயிட்டையும் கணக்கில் எடுங்கள். 2006, 2010, 2018 ஒலிம்பிக்ஸில் ஹாஃப்பைப் தங்கம், அதே ஆள் கோடை எக்ஸ் கேம்ஸில் 2007, 2011 ஸ்கேட்போர்டு வெர்ட் தங்கம். ஒன்று மற்றதைக் கெடுத்தது என்றால் இது எப்படி?

விடை "வெர்ட்" என்ற சொல்லில் இருக்கிறது. வெர்ட் என்பது எதிரெதிரே இரண்டு செங்குத்துச் சுவர், போய்வருவது மட்டும். ஹாஃப்பைப்புக்கு அது உடன்பிறப்பு. ஒலிம்பிக்ஸில் இருப்பதோ பார்க்கும் ஸ்ட்ரீட்டும், வெர்ட் கிடையாது. பார்க்கில் பவுல், மூலை, ஹிப் (இரண்டு சரிவு சேரும் முனை), நடுவில் ஏதாவது திட்டு. 45 நொடிக்குள் எந்தப் பாதையில் சுற்றுவது என்பதே பாதி மதிப்பெண். அங்கே விழுந்தால் அந்த ஓட்டம் அத்தோடு சரி. ஒயிட்டும் டோக்கியோவுக்குப் பார்க்கில் முயன்று பார்த்துவிட்டுக் கடைசியில் விட்டுவிட்டார். ஹிரானோ தேர்ந்தெடுத்தது இரண்டில் கடினமான பாதை. அப்பா ஜப்பானின் முரகாமியில் நடத்திய ஸ்கேட் பார்க்கில் சின்ன வயதிலிருந்தே இரண்டையும் பழகியவர் என்பதால் அது புது மொழி கற்கும் வேலை இல்லை, விட்டுப்போன மொழியைத் திரும்பப் பேசும் வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், காசு. போட்டிப் பரிசு மட்டும் நம்பி இவர்கள் யாரும் வாழ்வதில்லை. பலகை, உடை, பானம் விற்கும் நிறுவனங்களின் ஒப்பந்தம்தான் சோறு. ஸ்னோபோர்டில் இரண்டு ஒலிம்பிக் வெள்ளி வைத்திருப்பவர், 2014-ல் 15 வயதிலும் பிறகு 2018-லும் வாங்கியவர், கோடையில் 14-ஆவதாக வரும் விளையாட்டுக்கு நேரத்தைக் கொடுப்பது வியாபாரக் கண்ணுக்கு நட்டம். அதைச் செய்ததுதான் இந்த விஷயத்தில் மனநிலை என்று சொல்லத்தக்கது என்று எனக்குப் படுகிறது. முன்வரிசையில் இருப்பவர் தானாகப் போய்க் கடைசி வரிசையில் நிற்பது எளிதல்ல.

---

நாலுசக்கரம்

@அரைவட்டம் வெர்ட் விஷயம் ஒத்துக்கறேன். நான் பார்க்கை மனசில் வெச்சு எழுதினேன்.

சாமான் கேட்டிருந்தாங்க, ஸ்கேட் பக்கம் நான் சொல்றேன். பார்க்குக்கு டெக் (நிக்கிற பலகை) அகலம் 8.25 முதல் 8.5 அங்குலம், ஏழு அடுக்கு மேப்பிள். சக்கரம் 54 முதல் 58 மில்லிமீட்டர், கடினம் 99ஏ இல்லன்னா 101ஏ (எண் ஏறினா கடினம் ஏறும்). ஸ்ட்ரீட்டுக்குப் போடற 51, 52 சக்கரத்தோட பெரிய பவுலுக்குப் போனா வேகம் பத்தாது, ரெண்டாவது சுவரிலேயே செத்துப்போகும். 58 போட்டு டிரக் (சக்கர அச்சைத் தாங்குற உலோகப் பாகம்) தாழ்வா இருந்தா திரும்பும்போது சக்கரம் பலகையில் கடிச்சு ஆளைத் தூக்கி எறியும். அதுக்கு எட்டில் ஒரு அங்குல ரைசர் (டிரக்குக்கும் பலகைக்கும் நடுவில் வைக்கிற தகடு) போடணும், கூடவே போல்ட்டையும் அதே அளவு நீளமா மாத்தணும், இல்லன்னா நட்டில் மரை பிடிக்காது. ஸ்பேனர் மூணு அளவு: சக்கர நட்டுக்கு அரை அங்குலம், டிரக்கோட நடு போல்ட்டான கிங்பின்னுக்கு பதினாறில் ஒன்பது, டெக் போல்ட்டுக்கு எட்டில் மூணு. சக்கர நட்டை முழுசா இறுக்கிட்டு அரைக்கால் சுத்து தளர்த்தி விடுங்க; சக்கரம் லேசா ஆடணும், அப்பதான் பேரிங் பிழைக்கும்.

---

முட்டிச்சில்லு

உடல் பக்கத்தையும், அதையொட்டி மனம் பற்றியும் எழுதுகிறேன். இரண்டையும் பிரித்துப் பேசுவதால்தான் "துணிச்சல்" என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஸ்னோபோர்டு பூட்ஸ் கணுக்காலைப் பிடித்து வைக்கிறது. குளிர்காலம் முழுக்க அதற்குள் இருந்த கணுக்கால், கோடையில் தாழ்ந்த ஸ்கேட் ஷூவுக்குள் வந்ததும் முதல் மூன்று நான்கு வாரத்தில் சுளுக்கும். வெளிப்பக்கத் தசைகள் வேலை மறந்திருக்கும். எதிர்த்திசையில் சிக்கல் வேறு: கோடை முழுக்க முட்டிக்காப்பில் சறுக்கி இறங்கியவருக்குத் தொடையும் இடுப்பும் பெரிய இறக்கத்தைத் தாங்கும் பழக்கத்தை விட்டிருக்கும். மாறுவதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்க வேண்டும். பனியிலிருந்து சிமெண்ட்டுக்கு என்றால் ஒற்றைக்காலில் நிற்பது, குதிகால் தூக்குவது, ஆடும் பலகைமேல் நிற்பது. சிமெண்ட்டிலிருந்து பனிக்கு என்றால் பெட்டியிலிருந்து குதித்து இறங்கி அசையாமல் நிற்பது, முதலில் 30 சென்டிமீட்டர், பிறகு 60. அதோடு தொடைப் பின்தசைக்கு நார்டிக் பயிற்சி (முட்டி போட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, மெதுவாக முன்னால் சாய்வது). இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்ந்தால் உயரத்தைக் கூட்டக்கூடாது.

தவறவிடப்படும் காயம் ஒன்று: கணுக்காலின் வெளிப்பக்கம், எலும்பு முனைக்குச் சற்றுக் கீழே வலி. சுளுக்கு என்றே எல்லோரும் நினைப்பார்கள். கணுக்கால் மூட்டில் உள்ள டேலஸ் எலும்பின் பக்கவாட்டு முனை உடைந்திருக்கலாம், ஸ்னோபோர்டுக்காரர்களின் முறிவு என்றே அதற்குப் பெயர். சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடும். இரண்டு வாரத்தில் காலூன்ற முடியாவிட்டால் சி.டி. எடுத்தே ஆக வேண்டும்.

தலையில் அடிபட்டால் பேச்சே இல்லை, அன்றைக்கு அவ்வளவுதான். விளையாட்டுக்குத் திரும்பும் படிகள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம். அறிகுறி கூடினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது. அமெரிக்க ஸ்னோபோர்டு வீரர் கெவின் பியர்ஸ் 2009 டிசம்பர் 31-ல் பார்க் சிட்டியில் டபுள் கார்க் பயிற்சியில் விழுந்தபோது ஹெல்மெட் அணிந்துதான் இருந்தார். அவருடைய போட்டி வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

இனி மனம். ஹிரானோவுக்கே 2017 மார்ச்சில் யு.எஸ். ஓப்பனில் விழுந்து கல்லீரலும் முட்டித் தசைநாரும் அடிபட்டன. அடுத்த பிப்ரவரியில் பியோங்சாங் ஒலிம்பிக்ஸில் 95.25 எடுத்து வெள்ளி. அங்கே 97.75 எடுத்து அவரை முந்திய ஷான் ஒயிட்டும் முந்தைய அக்டோபரில் நியூசிலாந்தில் முகம் கிழிந்து 62 தையல் போட்டவர். இப்படிப்பட்டவர்களுக்குப் பயம் இல்லை என்பது வெறும் பேச்சு. பயம் என்ற பெரிய மூட்டையை அவிழ்த்துச் சின்னச் சின்னக் கேள்விகளாகப் பிரிக்கிறார்கள். முதல் சுவருக்கு வேகம் போதுமா? லிப் இறுக்கமா? காற்று எந்தப் பக்கம்? இவற்றுக்கு விடை உண்டு. நேர் ஏர் ஒன்று போட்டு உயரத்தைப் பார்த்தால் முதல் கேள்வி தீர்ந்தது. கொடியைப் பார்த்தால் மூன்றாவது தீர்ந்தது. விடை கிடைக்காத பயம் ஏதாவது மிச்சம் இருந்தால், அன்று அந்த ட்ரிக் இல்லை.

முடிவு எடுக்கும் இடம் மேலே, தொடக்க மேடை. வளைவுக்குள் போனபின் முடிவை மாற்றுவதற்கு இடமில்லை. நாலுசக்கரம் சொன்ன பாதியில் பிரியும் உடம்பு அங்கேதான் பிறக்கிறது. அதனால் கையில் எப்போதும் இரண்டு ஓட்டம் இருக்கும், முதல் சுவரில் வேகம் குறைந்தால் எது, சரியாக இருந்தால் எது என்று மேலேயே தீர்மானித்தது. "பார்த்துக்கொள்ளலாம்" என்று இறங்குபவர்தான் மாட்டுவார்.

மனதில் ஓட்டிப் பார்ப்பதையும் பலர் தவறாகச் செய்கிறார்கள். மெதுவாக, சினிமாக் காட்சி போல, வெளியிலிருந்து தன்னைப் பார்ப்பது போல ஓட்டுகிறார்கள். ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, உள்ளிருந்து, நிஜ நேரத்தில் ஓட்ட வேண்டும். ஐந்து ட்ரிக், அரை நிமிடத்துக்குப் பக்கம். மனதுக்குள் 20 நொடியில் முடிந்துவிட்டால் அவசரப்படுகிறீர்கள் என்று பொருள். பனியிலும் அதையே செய்வீர்கள். ஒவ்வொரு சுவருக்கும் ஒரே ஒரு சொல் வைத்துக்கொள்ளலாம், "காத்திரு", "தோள்", "பார்" என்பது போல. இரண்டு சொல் ஆனால் அதிகம்.

பெய்ஜிங் இறுதியை இந்தக் கண்ணோடு பாருங்கள். முதல் ஓட்டத்தில் ஹிரானோ விழுந்தார். இரண்டாவதில் முதல் சுவரிலேயே ஃப்ரண்ட்சைடு ட்ரிபிள் கார்க் 1440, பிறகு கேப் டபுள் கார்க் 1440, ஃப்ரண்ட்சைடு 1260, பேக்சைடு 1260, கடைசியில் ஃப்ரண்ட்சைடு டபுள் கார்க் 1440. (ஃப்ரண்ட்சைடு என்றால் நெஞ்சு முன்னாக, பேக்சைடு என்றால் முதுகு முன்னாக, கேப் என்றால் பின்னங்கால் முன்னாகப் போய்ச் சுற்றுவது.) நடுவர்கள் கொடுத்தது 91.75. ஆஸ்திரேலியாவின் ஸ்காட்டி ஜேம்ஸ் 92.50-ல் முன்னால். பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள், தனக்கும் அந்த மதிப்பெண்ணை ஏற்க முடியவில்லை, கோபம் இருந்தது என்று பிறகு அவரே சொன்னார். கோபத்தில் இருப்பவர் வழக்கமாக என்ன செய்வார்? இன்னும் ஒரு சுற்றுச் சேர்ப்பார். ஹிரானோ பட்டியலில் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. அதே ஐந்து ட்ரிக், அதே வரிசை. கோபத்தை எல்லாம் உயரத்திலும் இறங்கும் சுத்தத்திலும் போட்டார். 96.00. ஆறு நடுவரில் அதிகமானதும் குறைவானதும் போக மீதி நான்கின் சராசரி அது.

ட்ரிபிளை முதல் சுவரில் வைத்ததும் கணக்கு போட்டுத்தான். வேகம் அங்கேதான் அவர் கையில் இருக்கிறது. பின்னால் வைத்தால் முன்னால் நடந்த ஒவ்வொரு சிறு பிழையும் வேகத்தைத் தின்றுகொண்டே வரும்.

---

கூதிர்க்காற்று

இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன், எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. பவுலில் நல்லா ஓட்டுற ஒருத்தர் முதல் தடவையாப் பனிக்குப் போறார்னு வைங்க. ஹாஃப்பைப் எல்லாம் இல்லை, சாதாரணச் சரிவுதான். எதை மறக்கணும்? ஸ்கேட் ஹெல்மெட்டையே போட்டுக்கலாமா?

---

பனிமெழுகு

மறக்கவேண்டியது மூண்டு. பின்னங்காலாலை திருப்புறது முதலாவது. ஸ்கேட்டிலை வாலை உதைச்சுத் திருப்பிப் பழகின ஆள் பனியிலையும் பின்னங்காலைத் துடுப்பு மாதிரிப் போட்டு இழுப்பார். பனியிலை திருப்பம் முன்னங்கால் முட்டியிலையும் தோளிலையும் தொடங்கவேணும். ரெண்டாவது, பலகையைத் தட்டையா வைக்கிறது. மெதுவாப் போகேக்கை தட்டையா விட்டால் கீழ்ப்பக்க விளிம்பு கடிச்சு ஆள் மல்லாக்க விழும், பின்மண்டை அடிபடும். எப்பவும் ஏதோ ஒரு விளிம்பிலை நில்லுங்கோ. மூண்டாவது, குதிச்சுத் தப்புறது. கால் கட்டியிருக்கு எண்டது முதல் நாள் மூளைக்கு ஏறாது.

பைண்டிங் கோணம் முன்னுக்கு 15, பின்னுக்கு மறுபக்கம் 6 அல்லது 9 பாகையிலை தொடங்கலாம். பூட்ஸ் இறுக்கினபிறகு முட்டியை மடக்கிப் பாருங்கோ, குதி எழும்பினால் அளவு பெரிசு. ஸ்கேட் ஷூ அளவை வைச்சு வாங்கினால் அனேகமாப் பெரிசாத்தான் இருக்கும்.

---

முட்டிச்சில்லு

மணிக்கட்டுக் காப்பு கட்டாயம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மிக அதிகமாக உடைவது மணிக்கட்டுதான். பின்னால் விழும்போது கையை ஊன்றாமல், விரல்களை மடக்கி, முகவாயை நெஞ்சோடு சேர்த்து, பிட்டத்தில் உருண்டு விழப் பழகச் சொல்லுங்கள். ஸ்கேட்டில் பழகிய முட்டிச்சறுக்கல் இங்கே உதவாது.

ஹெல்மெட் வேறு வேறு. பனிக்கு ஈஎன் 1077 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2040. ஸ்கேட்டுக்கு ஈஎன் 1078 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்1492. கடைசியில் சொன்னது சின்னச் சின்ன அடி பல தடவை விழும் என்று வைத்துச் சோதிப்பது. பனி ஹெல்மெட்டின் உள் நுரை பொதுவாக ஒரே பெரிய அடிக்கானது, ஒருமுறை நசுங்கினால் மாற்ற வேண்டும். இரண்டு முத்திரையும் உள்ளவை கடையில் கிடைக்கின்றன, உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் இரண்டு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். மெத்தை காதை மூடுவதாக இருக்கட்டும், கண்ணாடியின் மேல் விளிம்புக்கும் ஹெல்மெட்டுக்கும் இடையில் நெற்றி தெரியக்கூடாது.

---

நாலுசக்கரம்

முட்டிக்காப்பையும் எடுத்துட்டுப் போங்க, பேன்ட்டுக்கு உள்ள போடற மெல்லிசு வகை. முதல் நாள் பாதி நேரம் முட்டி போட்டுக்கிட்டுதான் இருப்பீங்க, பலகையை மாட்டறதும் கழட்டறதும் அப்படித்தான்.